வைத்தியம் தொடங்கும் முன் உடம்பைக் கழுவியே ஆக வேண்டுமா?

#1 ஜன்னலோரம்

எல்லோருக்கும் வணக்கம். பல மாதமாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள், இன்றுதான் எழுதுகிறேன். வயது 43. நாலு மாதமாக இரண்டு கையிலும் விரல் கணுக்கள் வீங்குகின்றன. காலையில் எழுந்தால் கை மடங்காது. பேஸ்ட் மூடியைத் திருக முடியாமல் பல்லால் கடித்துத் திறக்கிறேன். ஒன்பது மணிக்கு மேல்தான் கை என் சொல் கேட்கிறது.

ஆயுர்வேதத்தில் முதல் படியே உடம்பிலுள்ள நச்சை வெளியேற்றுவதுதான், அதைச் செய்யாமல் எந்த மருந்து சாப்பிட்டாலும் பிடிக்காது என்கிறார் நாத்தனார். ஏழு நாள் டீடாக்ஸ் பொடி ஒன்றை அவரே ஆர்டர் போட்டுவிட்டார். இரவில் ஒரு ஸ்பூன் வெந்நீரில், பகலெல்லாம் வெறும் ஜூஸ். கூடவே தினமும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறார். செய்யலாமா? செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

#2 ஆமணக்கு_ஆறுமுகம்

செய்யலாம். ஏழு நாளும் வீட்டில் வேறு யாருக்கும் பாத்ரூம் தேவைப்படாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

(என் கதை ஒன்று உண்டு. அப்புறம் சொல்கிறேன், இப்போது ஆபீஸில் இருக்கிறேன்.)

#3 மூலிகைத்தம்பி

அக்கா, நாத்தனார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அழுக்குத் துணியைச் சாயத்தில் முக்கினால் நிறம் பிடிக்குமா? சுத்தம் செய்யாத உடம்பில் மருந்து கொடுப்பதும் அப்படித்தான் என்று பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. லங்கனத்தாலும் (உணவைக் குறைப்பது) பாசனத்தாலும் (செரிக்க வைப்பது) அடக்கிய தோஷம், அதாவது கெட்டுப்போன வாத பித்த கபம், மறுபடி தலைதூக்கலாம், சோதனத்தால் (பேதி, வாந்தி மாதிரிச் சுத்தம் செய்வது) வெளியேற்றிய தோஷம் திரும்பி வராது என்கிறது சரக சம்ஹிதை. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? தைரியமாக ஆரம்பியுங்கள்.

#4 மருக்காரை

தம்பி சொன்ன இரண்டும் நூலில் இருப்பவைதான். எந்த இடத்தில் சொன்னார்கள் என்பதைத்தான் விட்டுவிட்டார். நான் பஞ்சகர்மா (உடம்பைச் சுத்தம் செய்யும் ஐந்து ஆயுர்வேதச் சிகிச்சைகள்) படித்து அதையே தொழிலாகச் செய்பவள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சாயத்துணி உவமை வருவது ரசாயனப் பகுதியில். அதாவது உடம்புக்கு வலுவும் ஆயுளும் கூட்டும் மருந்து கொடுப்பதற்கு முன் சோதனம் செய் என்கிறார்கள். மூட்டு வீங்கி வந்தவளைப் பார்த்ததும் பேதிக்குக் கொடு என்று அங்கே சொல்லவில்லை.

அடுத்தது 'நச்சு' என்ற சொல். எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை, இப்போது எல்லா விளம்பரத்திலும் இருக்கிறது. வாத பித்த கபம் நச்சு இல்லை. உடம்பு நடப்பதே அவற்றால்தான். அளவு மீறினால் அதிகப்பட்டதை மட்டும் அருகில் இருக்கும் வாசல் வழியாக அனுப்புவதுதான் சோதனம்: கபத்துக்கு வமனம் (வாந்தி), பித்தத்துக்கு விரேசனம் (பேதி), வாதத்துக்கு வஸ்தி (எனிமா), தலைப்பகுதிக்கு நஸ்யம் (மூக்கில் விடும் மருந்து). சரகர் வஸ்தியையே நிரூஹம் (கஷாய எனிமா), அனுவாசனம் (எண்ணெய் எனிமா) என்று இரண்டாகப் பிரித்து ஐந்தாக்குகிறார். சுசுருதர் வழியில் இரத்தம் எடுப்பதும் சேரும்.

'ஆமம்' வேறு. செரிக்காமல் நின்ற அன்னரசம், பசபசவென்று ஒட்டிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாத்தனார் சொல்லும் நச்சுக்குக் கிட்டத்தட்ட இதுதான் பொருந்தும். ஆனால் உடம்பு முழுக்கப் பரவிய, ஆமத்தோடு கலந்த தோஷத்தை வெளியேற்றாதே என்கிறது அஷ்டாங்க ஹிருதயம், சூத்திரஸ்தானம் 13ஆம் அத்தியாயத்தில். பழுக்காத காயைப் பிழிந்தால் சாறும் வராது, காயும் நசுங்கும். அதுபோல உடம்புதான் கெடும் என்று உவமையும் அங்கேயே இருக்கிறது. முதலில் பாசனமும் தீபனமும் (பசியைத் தூண்டுவது). பசி எடுக்க வேண்டும், சாப்பிட்டது செரிக்க வேண்டும், நாக்கில் படிந்த வெள்ளை போக வேண்டும், உடம்பின் கனம் இறங்க வேண்டும். அதன் பிறகுதான் நெய், பிறகு வேது, பிறகுதான் பேதி. தபாலில் வரும் பொடி நேராகக் கடைசிப் படியில் ஏற்றுகிறது.

#5 ராத்திரி_ஷிப்ட்

ஆஸ்பத்திரி ஃபார்மசியில் வேலை. தத்துவத்துக்குள் நான் வரவில்லை, மேடம் சொன்ன வரிசை காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு இரண்டே கேள்வி.

ஒன்று: வெளியேற்றப் போகும் நச்சின் பெயர் என்ன? விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. யூரியா என்றால் சிறுநீரகம் பார்த்துக்கொள்கிறது, அம்மோனியா என்றால் ஈரல் பார்த்துக்கொள்கிறது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்குப் பொடி போதாது, டயாலிசிஸ் வரை போக வேண்டும்.

இரண்டாவதுதான் அவசரம். ஜன்னலோரம் மேடம், இப்போது ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எல்லாவற்றையும் சொல்லுங்கள். தலைவலிக்குப் போடுவதைக்கூட விட வேண்டாம்.

#6 நெய்க்குடம்

செய்தவர்கள் இருக்கிறீர்களா என்று கேட்டார்களே, நான் செய்தவன். சோரியாசிஸுக்காக. ஆஸ்பத்திரியில் தங்கித்தான் செய்தேன். விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி நெற்றியில் எண்ணெய் வழிய கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு படுத்திருக்கும் சமாச்சாரம் இல்லை, அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் ஒரு வாரம் கஷாயம், பத்திய சாப்பாடு. நாலாம் நாள் "பசிக்கிறதா?" என்றார் டாக்டர். "சாப்பிடலாம்" என்றேன். "சாப்பிடலாம் வேறு, பசி வேறு. இன்னும் மூன்று நாள்" என்று போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. இன்றைக்கு யோசித்தால் அந்த மூன்று நாள்தான் மொத்த சமாச்சாரமும் என்று படுகிறது.

பிறகு நெய். கசப்பு மூலிகைகள் போட்டுக் காய்ச்சிய நெய்யை உருக்கி, விடிகாலையில் வெறும் வயிற்றில் டம்ளரில் கொடுப்பார்கள். முதல் நாள் 30 மில்லி. தினமும் கூடும். மூன்றாம் நாள் அந்த வாசனை வராந்தாவில் வரும்போதே குமட்டும். உள்ளே இறக்கிவிட்டு, சுடுதண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தபடி நடக்க வேண்டும். நல்ல பசி வரும் வரை சோறு கிடையாது. எனக்கு மத்தியானம் மூன்று மணி ஆகும். பகலில் தூங்கக் கூடாது. ஐந்தாம் நாள் மலத்திலேயே நெய் மினுமினுத்தது. நர்ஸம்மாவிடம் பயந்து சொன்னால் அவர் சந்தோஷப்பட்டு நோட்டில் குறித்துக்கொண்டார்!

அப்புறம் மூன்று நாள் எண்ணெய் தேய்ப்பு, நீராவிப் பெட்டி. நாலாம் நாள் காலையில் லேகியம். பதினேழு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் என்ன நிறம், எவ்வளவு என்று கேட்டு எழுதினார்கள். நாடி, பிரஷர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அன்று சாயங்காலம் என்னைப் பார்த்த மனைவி "இதற்குக் காசு வேறு கொடுத்தோமா?" என்றாள்.

தோல்? முழங்கை, முதுகில் செதில் நன்றாகக் குறைந்தது. எட்டு மாதம் கழித்து முதுகில் திரும்ப வந்தது. முன்னளவு இல்லை. ஆக, 'திரும்பி வராது' என்று தம்பி எழுதியதற்கு என் முதுகு சாட்சி சொல்லாது.

#7 ஜன்னலோரம்

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ராத்திரி ஷிப்ட் சார், பிரஷருக்கு ஒரு மாத்திரை, மூன்று வருடமாக. வலி தாங்காத நாளில் வலி மாத்திரை, வாரத்துக்கு நாலைந்து ஆகிவிடும். வேறு இல்லை.

#8 ராத்திரி_ஷிப்ட்

பிரஷர் மாத்திரை அட்டையில் பெயரின் கடைசியில் 'எச்' என்ற எழுத்து இருக்கிறதா?

#9 ஜன்னலோரம்

இருக்கிறது. எப்படித் தெரிந்தது?

#10 ராத்திரி_ஷிப்ட்

தெரியவில்லை, பயந்துதான் கேட்டேன். அந்த எச் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயாசைடு. நீரைப் பிரிக்கும் மருந்து. கூடவே சோடியமும் பொட்டாசியமும் சிறுநீரில் போகும். பேதியிலும் பொட்டாசியம் போகும். இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்க வேண்டியது. மிகவும் இறங்கினால் தசை தளரும், இதயத் துடிப்பின் தாளமே தப்பும். போதாக்குறைக்கு வலி மாத்திரை. உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் நீர் மாத்திரையும் வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடும். ஏழு நாள் பேதி, வெறும் ஜூஸ், இந்த இரண்டு மாத்திரை. இந்தக் கூட்டணியை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். பொடியைத் தொடாதீர்கள். பிரஷர் மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

#11 மூலிகைத்தம்பி

ஆங்கில மருந்துக்காரர்கள் எப்போதும் பயமுறுத்தத்தான் செய்வார்கள். இதே மாதிரிப் பொடி சாப்பிட்ட என் மாமாவுக்கு மூன்றாம் நாள் கறுப்பாக, நீள நீளமாகக் கயிறு மாதிரி வந்தது. வருடக்கணக்காகக் குடலில் ஒட்டியிருந்த கழிவு. கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பீர்கள்?

#12 ராத்திரி_ஷிப்ட்

மறுக்கவில்லை தம்பி, வந்திருக்கும். டப்பாவில் இசப்கோல் இருக்கிறதா என்று மாமாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் இசப்கோல் உமியைப் போட்டு அரைமணி நேரம் விட்டுப் பாருங்கள், கொழகொழவென்று ஊறி நிற்கும். களிமண் ஏதாவது சேர்த்திருந்தால் இன்னும் இறுகும். அதுவே குடலுக்குள் போய் அதன் வடிவத்தில் வார்ப்பாகி வந்தால் கயிறாகத்தான் இருக்கும். நேற்று உள்ளே போனது இன்று வெளியே வந்திருக்கிறது. கொலனோஸ்கோபிக்காகக் குடலைக் காலி செய்துவிட்டுக் கேமராவில் பார்க்கிறார்களே, வருடக்கணக்காக ஒட்டிய கயிறு எதுவும் அங்கே தொங்குவதில்லை. சுத்தமான இளஞ்சிவப்புச் சுவர்தான் தெரியும்.

#13 கோடாங்கி

பெரியவன் ஒருவன் குறுக்கே வருகிறேன். நம் சித்த வைத்தியத்தில் தேரையர் கணக்கே வைத்திருக்கிறார்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நாலு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம். பிணி அணுகாதிருக்கச் சொன்ன விதி அது. நோய் வராமல் இருக்க நல்ல உடம்புக்காரன் செய்வது. நோய் வந்து வீங்கிக் கிடக்கிறவளுக்கு அதே கணக்கைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அந்தக் காலத்திலும் வைத்தியர் நாடி பார்த்துத்தான் கொடுத்தார்.

#14 ஆமணக்கு_ஆறுமுகம்

என் கதை. இரண்டு வருடம் முன்னால் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, காலை ஐந்து மணிக்கு வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் எட்டு டம்ளர். குடித்துக் குடித்துக் குனிந்து நிமிர்ந்து, எல்லாம் தெளிந்த நீராக வரும் வரை. ஆயுர்வேதம் என்று நினைத்துத்தான் செய்தேன். முடிந்ததும் உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது, பெருமையாக நாலு பேருக்கு போட்டோ வேறு அனுப்பினேன். பதினோரு மணிக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவன், கண் முழித்தபோது யாரோ ஒரு அம்மாள் மடியில் தலை. காதில் "தம்பி குடிச்சிருக்கானா பாரு" என்று கேட்டது.

குடித்துத்தான் இருந்தேன். உப்புத்தண்ணீர்.

#15 மருக்காரை

ஆறுமுகம் சார், சிரிக்கக் கூடாது, சிரித்துவிட்டேன். நீங்கள் செய்தது சங்கப் பிரக்ஷாளனம், ஹடயோகக் கிரியை. அதையும் கற்றவர் பக்கத்தில் இருந்துதான் செய்ய வேண்டும். ஆயுர்வேதக் கணக்கில் அது வராது.

பழைய ஆசிரியர்கள் பயமில்லாமல் எல்லோருக்கும் பேதி கொடுத்தார்கள் என்று நினைக்காதீர்கள். வமனமும் விரேசனமும் தவறினால் வரும் கேடுகள் பத்து என்று சரகர் சித்திஸ்தானத்தில் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். சுசுருதர் பதினைந்து என்கிறார். பத்தில் ஒன்று ஜீவாதானம்: அளவு மீறி உயிர் இரத்தமே வந்துவிடுவது. வந்தது உயிர் இரத்தமா, பித்தம் கலந்ததா என்று பார்க்க, அதைச் சோற்றில் பிசைந்து காக்கைக்கோ நாய்க்கோ வைத்துப் பார் என்று சோதனைகூடச் சொல்கிறார்! அதைப் படிக்கும்போதெல்லாம், எத்தனை பேருக்கு அப்படி ஆகியிருந்தால் இவ்வளவு விவரமாக எழுதியிருப்பார் என்று தோன்றும்.

பேதி முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. முதலில் நீர்த்த கஞ்சி, பிறகு கெட்டிக் கஞ்சி, பிறகு உப்பும் தாளிப்பும் இல்லாத பயற்று நீர், அப்புறம் தாளித்தது. நன்றாகப் பேதியானவருக்கு இந்தப் படிகள் ஏழு நாள், நடுத்தரம் ஐந்து, குறைவு மூன்று. ஊதிக் கிளப்பிய சின்ன நெருப்பில் பெரிய விறகைப் போட்டால் அணைந்துவிடும் அல்லவா? அதற்காக. பொடி டப்பாவில் எட்டாம் நாள் என்ன சாப்பிடுவது என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள்.

இப்போது ஜன்னலோரம், உங்கள் கைக்கு வருகிறேன். நேரில் பார்க்காமல் நோய்ப்பெயர் சொல்ல மாட்டேன். காலையில் நெடுநேர விறைப்பு, இரண்டு கையிலும் ஒரே மாதிரி வீக்கம் என்றால் எங்கள் மனதில் முதலில் வருவது ஆமவாதம். அதற்குச் சக்கரதத்தர் என்ற பழைய ஆசிரியர் சொன்ன வரிசையே இருக்கிறது: முதலில் லங்கனம், வேது, கசப்பும் காரமும், பசி தூண்டும் மருந்து. அதன் பிறகு விரேசனம், நெய், வஸ்தி. அதிலும் முதல் கட்டத்தில் எண்ணெய்ப் பிடிப்பு கிடையாது. வறுத்த மணலைத் துணியில் முடிந்து உலர்ந்த ஒத்தடம்தான். லங்கனம் என்றால் பட்டினி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு அது லேசான உணவு, பசித்தால் மட்டும். ஆக, நாத்தனார் சொன்ன தினசரி எண்ணெய்க் குளியல் எங்கள் நூல்படியே தலைகீழ்.

#16 ராத்திரி_ஷிப்ட்

மேடம் சொல்லும் ஆமவாதத்தின் அடையாளங்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸோடு (முடக்குவாதம்) நிறைய ஒத்துப்போகின்றன. அதனால்தான் எனக்குப் பதற்றம். ஆர்ஏ ஃபாக்டர், ஆன்டி சிசிபி, இஎஸ்ஆர், சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துவிடுங்கள். அந்த நோயாக இருந்தால் முதல் சில மாதங்கள் பொன் மாதிரி. அதற்குள் மருந்து பிடித்தால் மூட்டு எலும்பு அரிக்காமல் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். அரித்தது திரும்பி வளராது. நாலு மாதம் போய்விட்டது. முதலில் சுத்தம், பிறகு பார்ப்போம் என்று இன்னும் நாலு மாதம் ஓட்டிவிடாதீர்கள். டீடாக்ஸில் எனக்குப் பொடியைவிடப் பெரிய பயம் அந்தக் காத்திருப்புதான்.

இன்னொன்று, மேடம் கோபித்துக்கொள்ளக் கூடாது. 2004ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஆய்வு: பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் 14ல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது இருந்தது. நச்சு நீக்க வாங்குவதிலேயே நச்சு.

#17 மருக்காரை

கோபம் இல்லை. அந்த ஆய்வை எங்கள் வகுப்பிலேயே விவாதித்தோம். பாதரசம், கந்தகம் சேர்ந்த ரஸ மருந்துகளைச் சுத்தி செய்து, புடம் போட்டு முறையாகச் செய்தால் பயன்படுத்தலாம் என்பது எங்கள் சாத்திரம். ஆனால் வாங்குகிறவருக்கு முறையாகச் செய்ததா என்று எப்படித் தெரியும்? தெரியாது. அதனால் யார் செய்தது என்று தெரியாத எதையும் வாங்காதீர்கள் என்று நானே சொல்கிறேன். 'முறையாகச் செய்தால் ஒன்றும் ஆகாது' என்று இங்கே வாதாட நான் தயாரில்லை. அந்த இடத்தில் நானும் நீங்களும் ஒரே பக்கம் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தப் பரிசோதனைக்கு என் ஓட்டும் உண்டு. நோய் இன்னதென்று தெரியாமல் சோதனம் செய்வது எங்கள் நூலிலும் இல்லை.

#18 மூலிகைத்தம்பி

மாமா வீட்டு டப்பாவைப் பார்த்தேன். இசப்கோல் இரண்டாவது பெயர். முதல் பெயர் நிலாவாரை.

#19 ராத்திரி_ஷிப்ட்

பார்த்துச் சொன்னதற்கு நன்றி தம்பி, நிஜமாக. நிலாவாரை இலை மலச்சிக்கலுக்குப் பழைய மருந்து, எப்போதாவது போட்டால் குற்றமில்லை. தினமும் போட்டால் பொட்டாசியம் போகும். மாதக்கணக்கில் ஓட்டினால் பெருங்குடல் சுவரே கறுத்துப் போகும். விட்டால் மாறிவிடும், ஆனாலும் எதற்கு?

#20 ஜன்னலோரம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். டைப் அடிக்கவும் கை வேண்டும் அல்லவா.

ஆன்டி சிசிபி நிறைய வந்திருக்கிறது. ருமட்டாய்டுதான் என்று மூட்டு டாக்டர் சொன்னார். அன்று ராத்திரி அழுதேன். மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கியிருக்கிறார், வாரம் ஒரு தடவை. வேறு நாளில் ஃபோலிக் ஆசிட். பிரஷர் மாத்திரையையும் எச் இல்லாததாக மாற்றிவிட்டார்கள். ஒரு ஆயுர்வேத டாக்டரிடமும் போய் எல்லா அட்டைகளையும் மேஜையில் பரப்பினேன். நாக்கைப் பார்த்தார், பசியைப் பற்றியே பத்து நிமிஷம் கேட்டார். இப்போதைக்குச் சோதனம் எதுவும் வேண்டாம், உள்மருந்தும் வேண்டாம், மூட்டு டாக்டர் கொடுத்த மருந்தைச் சாப்பிடுங்கள் என்றார். மணல் ஒத்தடம், சூடான லேசான சாப்பாடு, பசிக்காமல் உட்காராதே. அவ்வளவுதான். ஏமாற்றமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிதாக ஏதோ நடக்கும் என்று மனசு காத்திருந்தது போல.

பேஸ்ட் மூடி இன்னும் பல்லால்தான். மணி மட்டும் ஒன்பதிலிருந்து எட்டே காலுக்கு வந்திருக்கிறது.

நாத்தனார் ஆர்டர் போட்ட டப்பா அலமாரியில் இருக்கிறது. இவ்வளவு நாள் மருந்து சாப்பிட்டதால் உடம்பில் சேர்வதை மாதம் ஒரு தடவையாவது கழுவிவிடு என்கிறார். அது மட்டும் செய்யலாமா?

#21 மருக்காரை

வேண்டாம்.

#22 ராத்திரி_ஷிப்ட்

வேண்டவே வேண்டாம். மெத்தோட்ரெக்ஸேட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். பேதியாகி உடம்பு வற்றினால் அது வெளியே போகாமல் இரத்தத்தில் தேங்கும், வாய்ப்புண்ணில் தொடங்கி இரத்த அணுக்கள் வரை கை வைக்கும். தானாக வயிற்றுப்போக்கு வந்தாலும் அந்த வார டோஸுக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். சொன்ன தேதியில் இரத்தப் பரிசோதனையும் தவற வேண்டாம்.

என்ன கிழமை போடுகிறீர்கள்? அந்தக் கிழமையை அட்டை மேல் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். வீட்டில் யாராவது பாசத்தில் தினமும் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள், அந்த ஒரு தவறுக்காக ஐசியு வரை போனவர்கள் உண்டு.

#23 ஜன்னலோரம்

வியாழன். எழுதிவிட்டேன். எழுத்துதான் கோணல்.